கழுவும் இயந்திரம் நின்றுவிட்டால்

உண்ட கலத்தைக் கழுவிக் கவிழ்ப்பது உலகத்தின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே அவ்வேலை தலைமுறை தலைமுறையாகப் பீலிக்கரையிலே நடைபெற்று வந்திருக்கிறது. மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் தண்ணீர், அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு, பித்தளைக்கென்று சிறிது பழப்புளி ஆகிய இவையே அதற்கு வேண்டிய சாதனங்கள். இவற்றுள் எதுவும் பழுதாவதில்லை. எதற்கும் பொத்தான் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்து எவரையும் அச்சுறுத்துவதுமில்லை.

இன்று நிலைமை வேறு. எல்ல, பண்டாரவளை ஆகிய ஊர்களின் உல்லாசப் பயணிகள் விடுதிகளிலும், நகரங்களிலே வசதி படைத்த சில இல்லங்களிலும் கலங்கழுவும் இயந்திரம் வந்து அமர்ந்திருக்கிறது. டிஷ்வொஷர் என்ற ஆங்கிலப் பெயராலேயே அதனைப் பலரும் அழைக்கின்றனர். ஆயினும் இவ்வியந்திரத்தோடு மிகுதியாகப் பழகிய கைகள் யாவருடையவை என்று தேடிப் பார்த்தால், அவை வாங்கியவர்களுடைய கைகளாக இரா. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் மொனராகலையிலும் உள்ள வீடுகளை விட்டு, குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களின் கைகளே அவை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அவ்வாறு செல்லும் பெண்களுக்குப் பயணத்துக்கு முன் அளிக்கும் பயிற்சியிலே வீட்டு மின்சாதனங்களைக் கையாளும் முறையும் ஒரு பாடமாகும். இயக்குவதற்கு அப்பயிற்சி போதும். இயந்திரம் நடுவழியிலே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது வேறு வித்தை. அந்நிய நாட்டு அடுக்களையிலே, அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுத்துப் பொறித்த ஒரு பெட்டி அசையாது நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதும் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை மட்டுமன்றி, நன்மதிப்பையும் தொடும் காரியம்.

இவ்வியந்திரம் பிறந்த கதையிலும் வேலைக்காரர் மீது சொல்லப்பட்ட ஒரு குறை இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே ஷெல்பிவில் என்னும் ஊரிலே ஜோசஃபின் கொக்ரேன் என்ற செல்வச் சீமாட்டி வாழ்ந்தார். பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகளை வேலையாட்கள் கழுவும்போது விளிம்பு சிதைத்துவிடுகின்றனர் என்பது அவருடைய மனக்குறை. அதற்கு முன்னரே, 1850ஆம் ஆண்டிலே, ஜோயல் ஹூட்டன் என்பவர் கையாற் சுழற்றித் தண்ணீரைத் தெளிக்கும் மரப் பெட்டியொன்றுக்கு உரிமம் பெற்றிருந்தார், அது பயன்படவில்லை. 1883ஆம் ஆண்டிலே கொக்ரேன் அம்மையாரின் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்தார். அதன்பின் வீண்பெருமைக்கு இடமில்லை. கருவியைச் செய்து விற்றாலன்றிப் பிழைப்பில்லை. தட்டுகளை அளந்து, அவற்றுக்கேற்பக் கம்பிக் கூடுகள் வளைத்து, அவற்றைச் செப்புக் கொதிகலத்தினுள்ளே ஒரு சக்கரத்திலே பொருத்தி, அடியிலிருந்து சுடுசவர்க்கார நீரைப் பீய்ச்சியடிக்கச் செய்தார். 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி அதற்கு உரிமம் கிடைத்தது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே அது பலரைக் கவர்ந்தது. வாங்கியவர்கள் பெரிய ஹோட்டல்காரர்கள், இல்லத்தரசிகள் அல்லர். வீடுகளிலே அவ்வளவு சுடுநீருக்கு அக்காலத்திலே வழியில்லை.

தேய்ப்பதை விட்டுத் தண்ணீரின் வேகத்தாலே கழுவுவது என்ற அந்த ஒரே எண்ணந்தான் இன்றைய இயந்திரத்திலும் உயிராக இருக்கிறது. அதன் உள்ளமைப்பை மனக்கண்ணாற் பார்த்துக்கொண்டால், பழுது எங்கே இருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. குழாயிலிருந்து வரும் தண்ணீரை ஒரு மின்வால்வு திறந்து விடுகிறது. சில லீற்றர் தண்ணீர் அடித்தொட்டியிலே சேர்ந்ததும் வால்வு மூடிக்கொள்கிறது. ஒரு பம்பி அத்தண்ணீரையே மீண்டும் மீண்டும் உறிஞ்சி, துளையிட்ட இரண்டு கைகளின் வழியே பீய்ச்சுகிறது. அக்கைகளைச் சுழற்றுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கொளுத்தும் சக்கரவாணம், தீப்பொறி ஒரு பக்கம் பாய்வதால் மறுபக்கம் சுழல்கிறதல்லவா? அதே விதியினாலே நீர் பாயும் கைகளும் சுழல்கின்றன. இடையிலே ஒரு சூடேற்றி நீரைக் காய்ச்சுகிறது. கதவிலுள்ள சிறு கிண்ணம் உரிய நேரத்திலே திறந்து சவர்க்காரத்தை விடுகிறது. பின்னர் இன்னொரு பம்பி அழுக்குநீரை வெளியேற்றுகிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் முறைப்படி நடத்துவது ஒரு சிறு மின்னணு மூளை.

அந்த மூளைக்குப் பொறுமை குறைவு. குறிப்பிட்ட நேரத்துக்குள் நீர் நிரம்பவில்லையென்றாலும், நிரம்பிய நீர் வெளியேறவில்லையென்றாலும் அது வேலையை நிறுத்திவிட்டு ஓர் எழுத்தையும் எண்ணையும் முகப்பிலே காட்டும். பழுது என்று பலரும் அஞ்சுவது பெரும்பாலும் இந்த நிறுத்தமே. அதாவது, உறுப்பு எதுவும் கெடவில்லை. காவல் வேலை செய்திருக்கிறது.

நின்ற இயந்திரத்தை மீளமைப்பது முதற் சிகிச்சை. பல இயந்திரங்களிலே தொடங்கும் பொத்தானையே மூன்று நான்கு விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் நடந்துகொண்டிருந்த கழுவல் இரத்தாகும். வேறு சிலவற்றிலே அதற்கென்று தனிப் பொத்தான் உண்டு. இன்னுஞ் சிலவற்றிலே இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தவேண்டும். எந்தப் பொத்தான் என்பதைக் கைந்நூல் சொல்லும். அழுத்தியதும் உடனே கதவைத் திறத்தல் ஆகாது. கதவு மூடியிருந்தாற்றான் உள்ளேயிருக்கும் நீரை இயந்திரம் வெளியேற்றும்; அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். நீர் போனபின் நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். இதற்கும் அது மசியவில்லையானால், சுவரிலுள்ள ஆளியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் செருகவேண்டும். அந்தப் பொறுமை வீண் சடங்கன்று. மின்னைத் துண்டித்த பின்னரும் உள்ளே உள்ள சில உறுப்புகள் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும்; அது வடிந்தால்தான் அந்த மூளை தன் பழைய நினைவை மறந்து புதிதாகத் தொடங்கும். மீளமைத்தபின் சவர்க்காரக் கிண்ணத்தைப் பார்ப்பதும் அவசியம். முதற் கழுவலிலேயே சவர்க்காரம் கரைந்து போயிருந்தால் மறுபடி இடவேண்டும். இதை மறந்துவிட்டு, மீளமைத்ததனாலேதான் தட்டு அழுக்காகவே வந்தது என்று பழி சொல்வோரும் உளர்.

இலங்கையிலே இவ்வகை நிறுத்தத்துக்கு மின்சாரமே பெரிதும் காரணமாவதுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை எவரும் மறந்திரார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியிலே பட்டதே காரணம் என்று அமைச்சர் தெரிவித்தார். இலங்கைக்கும் வானரத்துக்கும் உள்ள தொடர்பு இதிகாச காலத்தோடு முடிந்துவிடவில்லை போலும்! மின்சாரம் இவ்வாறு நடுவிலே போய்த் திரும்பினால், சில இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில, தண்ணீர் நிறைந்த வயிற்றோடு திகைத்து நிற்கும். மின்வெட்டு வந்தவுடன் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்ல வழக்கம். மின்சாரம் திரும்பும் முதற் கணங்களிலே அதன் அழுத்தம் எழுந்து விழுவதுண்டு. மின்னணு மூளையைச் சுட்டுவிடுவது அந்த எழுச்சியே. அது சுட்டுப்போனால் எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்தினாலும் பயனில்லை.

அழுத்தம் குறைந்தாலும் தொல்லையே. இலங்கை வீட்டு மின்சாரம் 230 வோல்ற். கிராமத்து மின்கம்பி வரிசையின் கடைசி வீட்டிலே, மாலையிலே எல்லா அடுப்பும் விளக்கும் எரியும் வேளையிலே, அது 180 வோல்ற்றாக இறங்குகிறது என்று கொள்வோம். சூடேற்றியின் வலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. ஆதலின், ஐந்திலே மூன்று பங்கு வெப்பமே கிடைக்கும். நீர் சூடேற நெடுநேரம் ஆகும். கழுவலும் நீண்டுகொண்டே போகும். இயந்திரம் முடங்கிவிட்டது என்று அதை மீளமைத்து மீளமைத்துத் தொல்லைப்படுத்துவதைவிட, இரவு பத்து மணிக்கு மேலே இயக்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். சொக்கட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 2,000 உவாற்று சூடேற்றி ஒன்பது அம்பியருக்கு அண்மித்த மின்னோட்டத்தை இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள ஐந்து அம்பியர் வட்டமுள் சொக்கட்டிலே மாற்றுப் பிளக் ஒன்றை இடையிலே வைத்து இதனை இணைப்பது தீக்கு அழைப்பு அனுப்புவதை ஒக்கும். நிலத்தொடுப்புக் கம்பி இல்லாத சொக்கட்டும் ஆகாது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. இயக்கிய சிறிது நேரத்திலே வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால், பெரும்பாலும் சூடேற்றியிலே மின்கசிவு ஏற்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். அதனை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது அறியாமை. மின்வினைஞரை அழைக்கவேண்டிய இடம் அது.

மின்சாரத்துக்கு அடுத்தது தண்ணீர். ஊவாவிலே இதுதான் மிக ருசிகரமான பகுதி. ஏனெனில் ஒரே மாகாணத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. பதுளை மாவட்டத்து மலைத் தோட்டங்களிலே ஊற்றுநீர் மேலே தொட்டியிலே சேர்ந்து, தன் பாரத்தினாலேயே குழாய்வழி இறங்குகிறது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. பல இயந்திரங்களுக்குக் குறைந்தபட்சம் அரைப் பார் வேண்டும். அதிகபட்சம் பத்துப் பார் தாங்கும். தொட்டி நூறு மீற்றர் உயரத்து மேட்டிலே இருக்குமானால் வால்வு எல்லையைத் தொடும் அழுத்தத்துக்கு ஆளாகிறது. அங்கே அழுத்தங் குறைக்கும் வால்வு ஒன்று தேவை. மொனராகலையின் சமநிலத்து ஒரு மாடி வீட்டிலோ நேர்மாறு. கூரைமேலுள்ள கருநிறத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தைவிட மூன்று மீற்றர் உயரத்திலேதான் இருக்கும்; கிடைப்பது அரைப் பாருக்கும் குறைவு. நீர் மெல்ல மெல்ல வரும். பொறுமையிழந்த மூளை நின்றுவிடும். வாங்கியவர் விற்றவரைத் திட்டுவார். குற்றம் இருவர் மீதும் இல்லை. தொட்டியை இரண்டு மீற்றர் உயர்த்தினாலோ, சிறு அழுத்தப் பம்பி ஒன்றைப் பூட்டினாலோ தீர்ந்துவிடும். ஆனி முதல் புரட்டாதி வரை குழாய் வற்றி, பவுசர் வந்து தண்ணீர் ஊற்றும் இடங்களிலே, நீரைக் கையாலே ஊற்றி நிரப்பக்கூடிய சிறு மேசை இயந்திரங்கள் பொருந்தும். அவை ஒரு கழுவலுக்கு எடுக்கும் சில லீற்றர் தண்ணீரைப் பார்த்தால், இயந்திரம் என்றாலே ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது அவ்வளவு நியாயமன்று என்று தோன்றுகிறது. ஓடும் குழாயின் கீழே கையாற் கழுவுபவர் அதைவிடப் பன்மடங்கு நீரைச் சிந்துகிறார்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவிலே கொட்டும்போது ஊற்றுநீர் கலங்கி, சேறும் இலைத்துணுக்கும் குழாயிலே வரும். தண்ணீர்க் குழாய் இயந்திரத்தோடு சேரும் இடத்திலே ஒரு சிறிய வலை இருக்கிறது. அது அடைத்துக்கொள்வது நீர் வராமைக்கு மிகச் சாதாரணமான காரணம். பிளக்கைக் கழற்றி, குழாயை மூடி, இணைப்பைத் திருகி எடுத்து, வலையைக் குறட்டினால் மெல்ல இழுத்து, பழைய பற்றூரிகையொன்றினாலே தேய்த்துக் கழுவி மீண்டும் பூட்டலாம். ஐந்து நிமிட வேலை. இதற்கென ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைப்பது வீண் செலவு.

அடித்தொட்டியிலுள்ள வடிகட்டியோ அன்றாடக் கவனிப்புக்குரியது. தமிழர் உணவு அதற்கு இரக்கங் காட்டுவதில்லை. சம்பலின் தேங்காய்த் துருவல், செத்தல் மிளகாய் விதை, கறிவேப்பிலைக் காம்பு, பருக்கைச் சோறு ஆகிய யாவும் அங்கே வந்து சேரும். எச்சிலை வழித்துக் கொட்டிய பின்னரே தட்டை உள்ளே வைத்தல் வேண்டும். வடிகட்டியை இடப்பக்கமாகத் திருகி எடுத்து ஓடும் நீரிலே கழுவவேண்டும். நீர் வெளியேறாது தேங்கி நின்றால், அந்த வடிகட்டிக்குக் கீழே, பம்பியின் சிறு சக்கரத்திலே ஏதோ சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். தேங்கிய நீரைக் கிண்ணத்தாலும் துணியாலும் முழுவதும் எடுத்துவிட்டு, மின்னைத் துண்டித்த பின்னரே கையை விடவேண்டும். வெறுங் கையை விடவே கூடாது, உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கலாம். தேசிக்காய் விதையும் கோழி எலும்புத் துண்டும் சிக்குவது உண்டு. பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களிலே இன்னொரு கள்வனும் இருக்கிறான். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். இரவுக் குளிரிலே வெளியேற்றும் குழாயின் வளைவிலே அது வெண்மெழுகு போலப் படிந்து, நாளடைவிலே வழியை அடைத்துவிடும். கொதிநீரைக் குழாயிலே ஊற்றிவிட்டால் அது இளகிப்போகும்.

வெளியேற்றும் குழாயைப் பற்றிச் சொல்லும்போது, மலைநாட்டு வீடுகளிலே நேரும் ஒரு விசித்திரப் பிழையையும் சொல்லியாகவேண்டும். வீட்டுக்கு வெளியே, சரிவிலே கான் ஓடுகிறது. குழாயின் நுனியை அக்கானிலே நேராக இறக்கிவிடுவது இயல்பாகவே தோன்றும். ஆனால் நுனி இயந்திரத்தின் அடியைவிடத் தாழ்ந்திருந்தால், பெற்றோலைத் தாங்கியிலிருந்து குழாயால் உறிஞ்சி இறக்குவது போல, உள்ளே வரும் நீரெல்லாம் தானாகவே இழுபட்டு வெளியே ஓடிவிடும். இயந்திரம் ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டேயிருக்கும். மறுபக்கம் கானிலே சுத்தமான நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். தட்டுகள் மட்டும் உலர்ந்து அழுக்காகவே இருக்கும். எத்தனை முறை மீளமைத்தாலும் இது தீராது. குழாயை முதலிலே தரையிலிருந்து அரை மீற்றருக்கும் மேலே ஏற்றி வளைத்துக் கட்டி, அதன்பின்னரே இறக்கவேண்டும். பழுதின் பட்டியலிலே இது இடம்பெறாமையினாலே, பலர் பம்பியையும் வால்வையும் வீணாக மாற்றிப் பார்க்கின்றனர்.

மொனராகலைக்கே உரிய நோய் வெண்படலம். வெல்லவாய, புத்தல முதலிய பகுதிகளின் கிணற்றுநீர் வன்னீர். கல்சியமும் மகனீசியமும் மிகுந்தது. கேத்திலின் அடியிலே படியும் வெள்ளைக் கல் இவ்வூரார் நாள்தோறும் காண்பது. அதே கல் இயந்திரத்தின் சூடேற்றியிலும், நீர்பீய்ச்சும் கைகளின் துளைகளிலும் படியும். துளை அடைத்தால் கை சுழலாது, மேற்றட்டு கழுவப்படாது. கைகளைக் கழற்றி ஈர்க்கினாலோ பல்குத்தும் குச்சியினாலோ துளைகளைத் திறக்கலாம். தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலத்தைத் தூளாக வாங்கி, வெற்று இயந்திரத்திலே சூடான கழுவலொன்றிலே இட்டால், படிந்த கல் கரையும். பித்தளைக் குடத்துக்குப் புளி தேய்த்த பாட்டிமார் இந்த இரசாயனத்தைப் பெயர் சொல்லாமலே அறிந்திருந்தனர்.

பல இயந்திரங்களினுள்ளே வன்னீரை மென்னீராக்கும் ஒரு கலம் அமைந்திருக்கிறது. அதிலுள்ள பிசின்மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புநீர் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கிறது. அதற்காகவே உப்பு இடுகிறார்கள். அந்த உப்பு தட்டிலே படுவதற்கன்று. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அயடின் சேர்த்த சமையலுப்புத் தூள் இறுகிக் கட்டியாகும். அம்பாந்தோட்டை உப்பளத்துக் கல்லுப்பு சமையலுக்குச் சிறந்தது; ஆனால் கடல்நீரின் வேறு உப்புகளும் அதிலே சிறிது கலந்திருப்பதனாலே இக்கலத்துக்கு ஏற்றதன்று. இதற்கென்று தூய்மையாக்கி விற்கும் பருமணி உப்பையே இடவேண்டும். இட்ட கையோடு, சிந்திய உப்பு எஃகைத் தின்னாமலிருக்க, ஒரு சிறு கழுவல் ஓட்டிவிடுவது நன்று. மற்றொன்று: இந்தப் பிசின்மணிகள் புளோரைட்டை அகற்றுவதில்லை. மொனராகலைக் கிணறுகள் சிலவற்றிலே புளோரைட் மிகுந்து பிள்ளைகளின் பற்களைக் கறைப்படுத்துவது நெடுங்காலமாக அறியப்பட்ட துன்பம். இயந்திரத்திலே மென்னீராக்கும் கலம் இருக்கிறது என்பதற்காக வீட்டு நீர் தூய்தாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு.

கண்ணாடிக் குவளையிலே வெண்மை தெரிந்தால் உடனே உப்பைக் கூட்டுவதும் சரியன்று. ஒரு துளி வினாகிரியைத் தடவிப் பார்க்கவேண்டும். வெண்மை போய்விட்டால் அது வன்னீரின் கல். போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அது மென்னீரும் மிகுந்த சூடும் மிகுந்த சவர்க்காரமும் சேர்ந்து செய்த வேலை, இனித் திரும்பாது. பதுளை மலைநீர் மென்மையானது. மொனராகலையிலே பழகியவர் அதே அளவுச் சவர்க்காரத்தையும் அதே உப்பு அமைப்பையும் பதுளையிலே பின்பற்றினால், குவளைகள் மங்கிப்போகக்கூடும். மாகாணம் ஒன்றென்றாலும் அளவு வேறு.

இனி நுரை. கையாற் கழுவப் பயன்படும் திரவத்தை இயந்திரத்திலே இட்டால், அது நுரைத்துப் பொங்கி, கதவின் அடியாலே வழிந்து, இயந்திரத்தின் அடித்தட்டிலே தேங்கும். அங்கே ஒரு மிதவை இருக்கிறது. நீர் அதனைத் தூக்கியதும், வெள்ளம் என்று எண்ணி இயந்திரம் முற்றாக நின்றுவிடும். வெளியேற்றும் பம்பி மட்டும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் பணிக்குச் சென்ற புதிதிலே, சவர்க்காரம் தீர்ந்த ஒருநாளிலே, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை இதுவே. பிளக்கைக் கழற்றி, நீர்க்குழாயை மூடி, அடித்தட்டின் நீர் உலரும்வரை விட்டுவிடுவது, அல்லது இருவராகச் சேர்ந்து இயந்திரத்தைச் சற்றே சரித்து அந்நீரை வடியச் செய்வது இதற்குப் பரிகாரம். உள்ளே எஞ்சிய நுரையை அடக்க, ஒரு பிடி உப்பைத் தூவி வெறுங் கழுவல் ஓட்டுவதுண்டு. நுரை ஏதும் இல்லாமலே அடித்தட்டிலே நீர் தேங்கினால் அது உள்ளே குழாயோ கதவின் இரப்பரோ கசிகிறது என்பதற்கு அடையாளம். அதனைத் தொழில் தெரிந்தவர் பார்க்கவேண்டும்.

எந்தப் பாத்திரத்தை உள்ளே வைக்கலாகாது என்பதும் இவ்விடத்திலே அறியத்தக்கது. இவ்வியந்திரத்தின் சவர்க்காரம் கடுங்காரம். அலுமினியச் சட்டி அதிலே கறுத்துவிடும், பித்தளை ஒளியிழக்கும், இரும்புத் தாச்சி துருப்பிடிக்கும், மரக்கரண்டி வெடிக்கும், மண்சட்டியோ சவர்க்காரத்தையே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோட்டத்து அடுக்களையிலே உள்ள பாத்திரங்களுள் பாதி இவ்வியந்திரத்துக்கு உதவாதவை. அவற்றுக்குத் தும்பும் சாம்பலும் இன்றும் சிறந்த வைத்தியமே. காரத் தூளோ வில்லையோ ஈரக் கையாலே தொடப்படுவதும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்திலே வைக்கப்படுவதும் கூடாது. கண்ணிலும் வாயிலும் பட்டால் பெருந்தீங்கு.

அந்நிய நாட்டு வீட்டிலே பணிபுரியும் பெண்ணுக்கு இவற்றுள் எவையெல்லாம் ஏற்றவை? மின்னைத் துண்டிப்பது, பொறுத்திருந்து மீளமைப்பது, வடிகட்டியைக் கழுவுவது, கைகளின் துளைகளைத் திறப்பது, கதவு முற்றாக மூடியிருக்கிறதா, நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி எதுவும் சுழலும் கையைத் தடுக்கிறதா என்று பார்ப்பது ஆகிய இவ்வளவே அவள் துணிந்து செய்யத்தக்கவை. திருகாணியைக் கழற்றுவது அவள் வேலையன்று. அதனைச் செய்தாளானால், பின்னர் நேரும் எந்தப் பழுதும் அவள் தலையிலே விழும். இயந்திரத்தின் முகப்பிலே தோன்றும் எழுத்தும் எண்ணும் அவளுக்குச் சாட்சி. மீளமைத்தால் அவை மறைந்துவிடும். ஆதலின் பொத்தானைத் தொடுவதற்கு முன்னரே கைத்தொலைபேசியினாலே அதனைப் படம் பிடித்துக்கொள்ளவேண்டும். படத்திலே நேரமும் நாளும் பதிந்திருக்கும். நீர் வராமையையோ நீர் வெளியேறாமையையோ குறிக்கும் எழுத்து அதுவென்று திருத்துநர் வந்து படித்துச் சொல்வாரானால், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு அவள் வாய்திறந்து விடை சொல்லவேண்டியதில்லை. பணியகத்தின் பயிற்சி வகுப்புகளிலே இயக்கும் பொத்தானைக் காட்டும் ஆசிரியர்கள், இந்தப் படம் பிடிக்கும் வழக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்பார்களானால், அதற்கு மேலதிகமாகச் செலவாகும் நேரம் இரண்டு நிமிடம்.